சரிங்க சார், சரிங்கண்ணே

என் வீட்டுக்காரரை அந்த டாக்டர் திட்டியது மொத்தமே இரண்டு நிமிடம் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அப்படித் திட்டியிருக்காவிட்டால் இவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். பொய் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இவரை ஐசியூவில் கொண்டுபோய்ப் போட்டிருக்க மாட்டேன். சரி, ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். பாதியில் தொடங்கினால் எனக்குக் கோபம் மட்டும்தான் வரும், கதை வராது.

நாங்கள் வில்லாபுரத்தில் இருக்கிறோம். நான் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அவர் டவுனில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சொந்த ஊர் சோழவந்தான் பக்கம். அங்கே கொஞ்சம் வயல் இருக்கிறது, வருஷத்துச் சாப்பாட்டு அரிசி அங்கிருந்துதான் வரும். மூன்று வேளையும் அரிசியைத் தின்று வளர்ந்த உடம்பு. நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை, எங்கள் தெருவில் சர்க்கரை இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு அதோடு இன்னொன்றையும் சேர்த்தார். ரத்தத்தில் மிஞ்சுகிற சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளிவிடுகிற புது ரக மாத்திரை அது. அதைத் தின்றும் அவருக்குச் சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது. இறங்காததற்குக் காரணம் மாத்திரை இல்லை, கடைக்குப் பக்கத்தில் இருந்த புரோட்டாக் கடை.

அப்போதுதான் கடைக்கு மோட்டார் வாங்க வந்த ஒருத்தர் இவரை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டுப் போனார். பேலியோ குழு. சோற்றை விடு, இட்லியை விடு, கறி முட்டை நெய் காய் தின்னு, சர்க்கரை ஓடிப்போகும் என்று நாள் முழுக்க அதில் பேச்சு. குழுவை நடத்தியவர் எங்கோ வெளியூர்க்காரர். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரை விட உறுதியாகப் பேசுவார்.

விஷயம் என்னவோ நியாயமானதுதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. சோறோ சப்பாத்தியோ கிழங்கோ, எதைத் தின்றாலும் அதிலிருக்கிற மாவுச்சத்து வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரையை உடம்பு எடுத்துச் செலவழிக்க இன்சுலின் வேண்டும். சர்க்கரை நோய்க்காரருக்கு அங்கேதான் தகராறு. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை குறையும், இன்சுலினுக்கும் வேலை குறையும். உடம்பு வேறு விறகு தேடும். சேர்த்து வைத்திருக்கிற கொழுப்பை எடுத்து எரிக்கும். அப்படி எரிக்கும்போது கல்லீரல் கீட்டோன் என்று ஒன்றைச் செய்து அனுப்பும், மூளை முதற்கொண்டு அதை வாங்கி ஓட்டிக்கொள்ளும். கறியும் கொழுப்பும் வயிற்றில் நிற்பதால் பசியும் அடிக்கடி எடுக்காது. ஆள் இளைப்பதும் சர்க்கரை இறங்குவதும் இப்படித்தான். மந்திரமும் இல்லை, மோசடியும் இல்லை.

ஆனால் அந்த நியாயத்தையெல்லாம் சமைத்துப் போட்டது யார்? காலையில் எனக்கும் மகளுக்கும் இட்லி. அவருக்கு மட்டும் வெண்ணெயில் முட்டை. மத்தியானம் எங்களுக்குச் சோறு. அவருக்குக் காலிஃப்ளவரைத் துருவி ஆவியில் வேகவைத்து, அதன் மேல் கறிக்குழம்பு. துருவித் துருவி என் விரல்தான் தேய்ந்தது. குழுவில் அந்தத் தட்டைப் படம் எடுத்துப் போடுவார். “அருமை அண்ணே” என்று கை தட்டுவார்கள். துருவினவளுக்கு ஒருத்தராவது கை தட்டினார்களா? “ஏங்க, அந்தக் குழுவுல பொம்பளைங்க யாராச்சும் இருக்காங்களா, இல்ல அம்புட்டு பேரும் திங்கிற ஆளுங்கதானா?” என்று கேட்டேன். அடுத்த படத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் பலன் தெரிந்தது. தொப்பை வற்றியது. படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது. காலையில் மீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை வந்த காலத்திலிருந்து நான் பார்க்காத நல்ல எண்கள் வந்தன. மனதுக்குள் நான்கூடச் சந்தோஷப்பட்டேன். இந்த மனுஷனின் அப்பா சர்க்கரையில்தான் காலை இழந்து, பிறகு கண்ணை இழந்து போய்ச் சேர்ந்தார். இவருக்கு அந்தக் கதி வரக்கூடாது என்றுதான் நானும் காலிஃப்ளவரைத் துருவினேன்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் டாக்டரிடம் போனோம். இவர் பெருமையாகச் சொன்னார், “சார், அரிசிய விட்டுட்டேன் சார், கறி முட்டைதான்” என்று. டாக்டர் பேனாவைக் கீழே போட்டார்.

“என்னது? கறியும் நெய்யுமா திங்கிறீங்களா? யார் சொன்னா, போன்ல பாத்தீங்களா? கிட்னி போகும், ஹார்ட் போகும், அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது. நீங்க டாக்டரா, நான் டாக்டரா?”

வெளியே பத்துப் பேர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், கதவு வேறு திறந்து கிடக்கிறது. இவர் முகம் செத்துப்போயிற்று. “சரிங்க சார். விட்டுர்றேன் சார்” என்றார்.

கிட்னி கெட்டிருக்கிறதா என்று ஒரு சோதனை எழுதிக் கொடுத்தாரா? இல்லை. கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாரா? இல்லை. நீ தின்கிற மாத்திரைக்கும் இந்தச் சாப்பாட்டுக்கும் ஒத்துப்போகாது என்று ஒரு வார்த்தை? அதுவும் இல்லை. திட்டினதோடு வைத்தியம் முடிந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். “விடப் போறீங்களா?”

“எதுக்கு விடணும்? வயிறு எம்புட்டு குறைஞ்சிருக்கு, தெரியலையா உனக்கு?”

“அப்பறம் எதுக்கு அவர்ட்ட சரிங்கன்னீங்க?”

“பெரிய டாக்டரு. எம்புட்டுப் படிச்சவரு. மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னா சொல்ல முடியும்? ஒரு மரியாத வேணாமா?”

எங்கள் பக்கத்து ஆட்களின் வியாதி சர்க்கரை இல்லை, இதுதான். டாக்டர், வக்கீல், வாத்தியார், யார் எதிரே உட்கார்ந்தாலும் தலையை ஆட்டிவிட்டு வருவது. வீட்டுக்கு வந்து தனக்குப் பிடித்ததைச் செய்வது. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொள்வது.

அந்த மரியாதையைக் குழுவுக்கும் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. குழுக்காரர் குரல் அனுப்பினார். “அண்ணே, நம்ம சாப்பாட்டுல இருக்கவங்களுக்கு மாத்திரை எதுக்குண்ணே? கம்பெனிக்காரன் பொழைக்கிறதுக்கா? தூக்கிக் குப்பைல போடுங்க.” இவர் பதில் அனுப்பினார், “சரிங்கண்ணே, நிறுத்திட்டேன்” என்று. நிறுத்தவில்லை. அப்பா காலை இழந்ததைப் பார்த்த பயம், மாத்திரையை விட மனம் வரவில்லை. ஆக, டாக்டரைப் பொறுத்தவரை இவர் சோறு தின்றுகொண்டிருந்தார். குழுவைப் பொறுத்தவரை மாத்திரையை விட்டுவிட்டார். நிஜத்தில் சோறும் இல்லை, மாத்திரையும் நிற்கவில்லை. இந்த நிஜம் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கோ அதில் ஆபத்து இருக்கிறது என்று தெரியாது, சொல்லத் தெரிந்த இரண்டு பேருக்கும் நிஜம் தெரியாது.

அடுத்த முறை ரத்தச் சோதனை நன்றாக வந்தது. “பாத்தீங்களா, சோறு தின்னா ஒண்ணும் ஆகாது, மாத்திரை எப்படி வேலை செய்யுது பாருங்க” என்றார் டாக்டர். அதே தாளை இவர் குழுவில் போட்டார், “மாத்திரை இல்லாமலே இம்புட்டு குறைஞ்சிருக்குன்னா பாத்துக்கங்க” என்று குழுக்காரர் எல்லோருக்கும் காட்டினார். ஒரே ரத்தத்தை வைத்து இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள்.

சித்திரை முடிந்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது ஊரில் குலசாமி கும்பிடு வந்தது. கிடா வெட்டு. முதல் நாள் விரதம் இருப்பது இவர்கள் வீட்டு வழக்கம். மற்ற வருஷங்களில் சாயங்காலம் பச்சரிசிச் சோறு பொங்கி ஒரு வேளை சாப்பிடுவார்கள். இந்த வருஷம் இவர் அதையும் தொடவில்லை. குழுவில் விரதத்துக்கு வேறு தனி மரியாதை. விரதம் இருந்தால் கொழுப்பு இன்னும் வேகமாக எரியுமாம். பகல் முழுக்க வெறும் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் பந்தி. கறியும் எலும்புக் குழம்பும் ரத்தப் பொரியலும் இலையில் குவிந்திருக்கின்றன. சோற்றை விட்டவருக்கு இதைவிட நல்ல நாள் ஏது? ஆனால் ஒரு துண்டை வாயில் வைத்தவர் அப்படியே இலையை மூடிவிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் சிரித்தான்.

“என்ன மாப்ள, கறிக்காகத்தான சோத்தையே தள்ளி வச்சீரு? இப்பக் கறியையும் தள்ளி வச்சா எத்தத் திங்கப் போறீரு, இலையவா?”

“கொமட்டுது மச்சான்” என்று எழுந்து போனவர் மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். வயிற்றில்தான் ஒன்றுமே இல்லையே, வெறும் தண்ணீர். நான் ஓடிப்போய்ப் பையிலிருந்து மீட்டரை எடுத்து விரலைக் குத்தினேன். நூற்று ஐம்பதுச் சொச்சம் காட்டியது. சர்க்கரை நோய்க்காரருக்கு நல்ல எண். எல்லோரும் மூச்சு விட்டார்கள். வெயில்தான், படுத்து எழுந்தால் சரியாகும் என்றார்கள்.

அந்த நிலையிலும் மீட்டரைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். வாந்தி என்றும் எழுதினார். கைதட்டல் முதலில் வந்தது. அப்புறம் அந்த ஆளின் குரல். “சூப்பர்ண்ணே! இது கீட்டோ காய்ச்சல். உடம்பு பழகுது. உப்புத் தண்ணி குடிங்க, சரியாயிரும். பயந்து போய் சோத்த மட்டும் தொட்டுறாதீங்க.”

“நாசமாப் போறவனே, பழகுறதுக்கு மாசக் கணக்குல ஆகுமாடா” என்று போனைப் பார்த்தே கத்தினேன். ஆனால் அந்த நேரத்தில் அதற்குமேல் எனக்கும் என்ன தெரியும்? எண் நன்றாகத்தானே இருக்கிறது?

சாயங்காலம் சோழவந்தானில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். ஊசி போட்டார்கள். ஆள் அசந்து போயிருக்கிறார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றலாம் என்றார்கள். இவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். “குளுக்கோஸா? இம்புட்டு நாள் கட்டிக் காத்தது எல்லாம் போயிரும். வேணாம்.” எண் நன்றாக இருந்ததால் அவர்களும் விட்டுவிட்டார்கள். கஞ்சித் தண்ணி குடியுங்கள் என்று வில்லாபுரம் வரும் வழியெல்லாம் கெஞ்சினேன். காதிலேயே வாங்கவில்லை.

விடிந்ததும் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், ஓடி வந்தவரைப் போல மூச்சு வாங்குகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கிட்டே போனால் வாயிலிருந்து நகச்சாயம் அழிக்கிற மருந்து வாடை. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார்.  “அண்ணே, வண்டிய எடுத்துட்டு வா, உடனே வா” என்று போனில் அலறினேன். வண்டியில் என் மடியில் சாய்ந்திருந்தவர், “மீட்டர் நல்லாத்தான இருக்கு” என்றார். அந்த நேரத்தில் ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தது ஒரு பெண் டாக்டர். அவர் மீட்டரைப் பார்த்து ஏமாறவில்லை. மூச்சைப் பார்த்தார். “என்ன சாப்பிடுவார்?” என்று என்னைக் கேட்டார். சொன்னேன். “என்ன மாத்திரை?” பையிலிருந்த அட்டையை நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் திரும்பி நர்ஸிடம் வேகமாக என்னவோ சொன்னார். மணிக்கட்டில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் அமிலமாகிப்போயிருந்தது.

அவர் சொன்னது எனக்குப் புரிந்த வரையில் இது. சோற்றைக் குறைத்தால் கீட்டோன் வருவது இயல்பு. உடம்பில் போதுமான இன்சுலின் இருந்தால் அது அளவோடு நிற்கும். ஆனால் இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் கொட்டிக்கொண்டே இருப்பதால் இன்சுலின் ரொம்பவும் இறங்கிவிடும். சோறும் இல்லை, அதற்குமேல் விரதம், அதற்குமேல் வாந்தி. கீட்டோன் தடுப்பாரில்லாமல் ஏறி ரத்தத்தை அமிலமாக்கிவிட்டது. சர்க்கரையோ சிறுநீரில் போய்க்கொண்டிருப்பதால் மீட்டரில் எண் நன்றாகத்தான் காட்டும். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

“விரதம், வாந்தின்னா இந்த மாத்திரைய நிறுத்தணும்னு யாருமே சொல்லலையாம்மா?” என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் முதலில் வந்தது. “பொழச்சிருவாராம்மா?” என்றேன். “பாக்குறோம்மா” என்றார். 

ஐசியூவில் இரண்டு கையிலும் ஊசி. ஒன்றில் இன்சுலின், ஒன்றில் குளுக்கோஸ். இரண்டும் சேர்ந்து போனால்தான் கீட்டோன் அடங்குமாம். அரை மயக்கத்தில் இருந்தவர் தலைக்கு மேல் தொங்கிய பாட்டிலைப் பார்த்துவிட்டார். அது குளுக்கோஸ் என்று நர்ஸ் ஏற்கெனவே சொல்லிவிட்டாள் போல. “குளுக்கோஸ் வேணாம், சுகர் ஏறிரும்” என்று ஊசியைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலோடு அழுத்தினேன். “பேசாமப் படுங்க! ஏறினா ஏறட்டும்! உசிரு இருந்தா அப்பறம் இறக்கிக்கலாம்” என்று நான் போட்ட கூச்சலில் அந்த இடமே திரும்பிப் பார்த்தது. வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை.

பிழைத்துக்கொண்டார். சாமி புண்ணியம், அந்தப் பெண் டாக்டர் புண்ணியம். வார்டுக்கு மாற்றிய பிறகு அவரிடமே கேட்டேன், “அப்ப இந்தச் சாப்பாடு விஷந்தானா?” என்று. அப்படிச் சொல்ல மாட்டேன் என்றார். சோற்றைக் குறைத்தால் சர்க்கரையும் எடையும் குறைவதை நாங்களே பார்க்கிறோம் என்றார். வருஷக்கணக்கில் இப்படியே தின்றால் இதயத்துக்கு, கிட்னிக்கு என்ன ஆகும் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒருமித்த பேச்சு இல்லையாம். கெட்ட கொழுப்பு சிலருக்கு ஏறுகிறது, சிலருக்கு ஏறுவதில்லை, அதனால் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கிட்னி ஏற்கெனவே கெட்டவர்களும் கர்ப்பிணிகளும் தானாக ஆரம்பிக்கவே கூடாது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லி அதை மாற்றிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். சில மாத்திரைகளோடு இப்படிச் சோற்றை விட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மயக்கம் போட்டுவிடும், சில மாத்திரைகளோடு விட்டால் இப்படி ஆகும். அவ்வளவுதான். இவ்வளவையும் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கத்தாமலும் சொன்னார். இதைச் சொல்ல இத்தனை காலம் ஒரு ஆள் இல்லாமல் போயிற்றே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.

என் வீட்டுக்காரர் போனை எடுத்து, நடந்ததை அப்படியே குழுவில் எழுதினேன். இந்த மாத்திரை தின்பவர்கள் யாராவது இருந்தால் டாக்டரைப் பாருங்கள் என்றும் எழுதினேன். “மாத்திரைய நிறுத்திட்டேன்னு சொன்னாரே அண்ணன்? பொய் சொன்னா நாங்க என்ன செய்ய முடியும்?” என்று பதில் வந்தது. அது நியாயமான கேள்வி, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் பதில் எழுதுவதற்குள் என் செய்தியை அழித்துவிட்டு இவருடைய எண்ணையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். உள்ளே இருக்கிற மற்றவர்கள் படித்தார்களா, இல்லையா, தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு பழைய டாக்டரிடமே போக வேண்டும் என்று இவர் அடம் பிடித்தார். இத்தனை வருஷம் பார்த்தவராம், சொல்லாமல் ஆளை மாற்றினால் தப்பாக நினைப்பாராம். சரி, நானும் வருகிறேன் என்று கூடவே போனேன். டாக்டர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தார். படித்து முடிக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார். “நான் அன்னைக்கே சொன்னேன்ல? கேட்டீங்களா? படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் உங்க ஆளுங்களுக்கு...”

“சார், கத்தாதீங்க” என்றேன்.

இவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. “நீங்க கத்துனா இவரு பயந்துக்கிட்டுப் பொய் சொல்வாரு. பொய் சொன்னா செத்துப் போவாரு. அன்னைக்கு எதத் திங்கிறேன்னு வாயத் தொறந்து சொன்னாருல்ல? இந்த மாத்திரையோட அதத் திங்காதீங்கன்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா போதும். அதச் சொல்லாம நீங்க டாக்டரா நான் டாக்டரான்னு கேட்டீங்க. நீங்கதான் சார் டாக்டரு. எங்களுக்கு அது தெரிஞ்சுதான் உங்ககிட்ட வந்தோம்.”

டாக்டர் என்னை முறைத்துப் பார்த்தார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். பிறகு சீட்டை மறுபடி எடுத்து முதலிலிருந்து படித்தார். அந்த மாத்திரையை அடித்துவிட்டார். கிட்னிக்கும் கொழுப்புக்கும் சோதனை எழுதினார். சோற்றை எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டால் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் அதற்காகப் போகவில்லை.

என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கை எடுத்தார். தெற்குவாசல் பாலம் ஏறும்போது முணுமுணுக்க ஆரம்பித்தார்.

“அத்தன பேரு முன்னாடி பெரிய மனுசர அப்படியா பேசுவ? என் மரியாத என்னத்துக்கு ஆகுறது?”

“உங்க மரியாதைக்கு நான் தாலியறுக்கணுமா?” என்றேன்.

பாலத்தை இறங்கி ஓரமாக வண்டியை நிறுத்தினார். என் பக்கம் திரும்பவில்லை. அழுகையில் தோள் மட்டும் குலுங்கியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் பலவந்தமாகப் பிடித்து அழுத்திய கையை இவராகவே பின்னால் நீட்டினார். எனக்குக் கோபம் அப்போதும் தீரவில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டேன்.